திறப்பு நாளும் தயாராகாத சவாரியும்

1893 மே 1ஆம் தேதி சிகாகோ உலகக் கண்காட்சி தொடங்கியபோது, அதன் பெரிய கவர்ச்சியாக இருந்திருக்க வேண்டிய ராட்சத ராட்டினம் கட்டி முடியாமல் நின்றது. பொதுமக்கள் அதில் ஏறியது ஜூன் 21ஆம் தேதிதான். பாலங்கள் கட்டும் தொழிலிலிருந்து வந்த ஜார்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்த ராட்டினம் 264 அடி உயரம் கொண்டது. அதில் 36 பெட்டிகள் தொங்கின. ஒரு பெட்டிக்கு 60 பேர் வீதம், ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமக்கும்படி அது கணக்கிடப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய இயந்திரத்துக்குக் கண்காட்சிக் குழு முதலில் அனுமதி தந்தது, பிறகு அதைத் திரும்பப் பெற்றது, மீண்டும் 1892 டிசம்பரில்தான் உறுதியாக ஒப்புக்கொண்டது. திறப்பு விழாவுக்கு இருந்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதிலும் பாதி சிகாகோவின் கடுங்குளிர்காலம். உறைந்த மண்ணை நீராவி பாய்ச்சி இளக்க வேண்டியிருந்தது. அதற்கும் கீழே தோண்டினால் புதைமணலும் நீரும் வந்தன. ஜூன் 9ஆம் தேதி பெட்டிகளை மாட்டாமலேயே சக்கரத்தை முதல்முறையாகச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. கட்டணம் 50 சென்ட். கண்காட்சிக்குள் நுழைவதற்கான கட்டணமும் அதேதான். அக்டோபர் இறுதியில் கண்காட்சி முடிந்துவிட்டது. தொடக்கத்தில் போன ஏழு வார வருமானம் போனதுதான்.

அடுத்த 130 ஆண்டுகளில் கேளிக்கைப் பூங்காக்களில் நேர்ந்த தாமதங்களின் கூறுகள் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்விலேயே இருக்கின்றன. சவாரி திறக்கும் நாளைக் குறிப்பவர் அதைக் கட்டும் பொறியாளர் அல்ல. கண்காட்சியின் நாள்காட்டி, கோடை விடுமுறை, தொலைக்காட்சி ஒளிபரப்பு, போட்டி நிறுவனத்தின் அறிவிப்பு, வெளிவரப்போகும் திரைப்படம் என ஏதோ ஒன்று அதைக் குறித்துவிடுகிறது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பல பூங்காக்கள் மே மாதம் முதல் அக்டோபர் வரைதான் இயங்குகின்றன. அங்கே கோடையைத் தவறவிட்ட சவாரி, நடைமுறையில் ஓராண்டைத் தவறவிட்டதாகிறது. மறுபுறம், இதுவரை எவரும் செய்யாததைச் செய்வதாகச் சொல்லித்தான் புதிய சவாரி விற்கப்படுகிறது. எவரும் செய்யாததற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் எவராலும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியதே இத்தொழிலின் வரலாறு.

தொடக்க காலத்தில் தாமதங்கள் அதிகம் இல்லை. அதற்குக் காரணம் திறமை அல்ல. சோதனை என்ற வழக்கம் பெரிதாக வேரூன்றாததே. 1895இல் நியூயார்க் கோனி ஐலண்டின் சீ லயன் பூங்காவில் ஃபிளிப் ஃபிளாப் என்ற ரோலர் கோஸ்டர் வந்தது. பயணிகளைத் தலைகீழாகச் சுற்றிக் கொண்டுவந்த அதன் வளையம் சுமார் 25 அடி விட்டமுள்ள முழு வட்டம். நேர்த்தடத்தில் வேகமாக வரும் வண்டி முழு வட்டத்துக்குள் நுழையும் கணத்திலேயே, வளைவின் முழு விசையும் பயணியின் கழுத்தில் இறங்கிவிடும். புவியீர்ப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு வரை விசை அழுத்தியிருக்கும் என்று பிற்காலத்தவர் மதிப்பிட்டார்கள். வடிவமைப்பில் குறை இருந்தது என்பதைக் காசு கொடுத்து ஏறியவர்களின் கழுத்துவலிதான் காட்டிக்கொடுத்தது. 1901இல் வந்த லூப் தி லூப் வளையத்தை நீள்வட்டமாக்கி அதிர்ச்சியைக் குறைத்தது. ஆனால் ஒரு முறைக்கு மிகச் சிலரையே ஏற்ற முடிந்ததால் வருமானம் தரவில்லை. மெல்ல மெல்ல இறுகும் நீர்த்துளி வடிவ வளையத்தைக் கணக்கிட்டுக் கட்டி, 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மௌண்டன் பூங்காவில் திறந்தார்கள். அதை உருவாக்கியவர் ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ஸ்காஃப். கணக்குப் போட்டவர் வெர்னர் ஷ்டெங்கல்.

திறப்பு நாளைத் தொலைக்காட்சி குறித்ததற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு டிஸ்னிலேண்ட். பூங்கா கட்டப் பணம் போட்டவர்களில் ஏபிசி தொலைக்காட்சியும் ஒருவர். 1955 ஜூலை 17 அன்று நேரடி ஒளிபரப்பு என்று முடிவாகிவிட்டது. கட்டுமானத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஓராண்டு. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் ஒருசேர முடிக்க நேரமில்லாமல் போக, வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். கொளுத்தும் வெயிலில் புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. சவாரிகளின் நிலையும் இதுதான். நிலவுக்குப் போகும் ராக்கெட் ஜூலை 22இல் திறந்தது. கேசி ஜூனியர் சர்க்கஸ் ரயில் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. பறக்கும் யானை டம்போ ஆகஸ்ட் 16 வரை பறக்கவில்லை. பையன்கள் ஓட்டும் ஆட்டோபியா கார்கள் அன்றே திறந்துவிட்டன என்றாலும், ஓட்டிய பையன்கள் முன்னால் போகும் காரில் வேண்டுமென்றே மோதி மகிழ்ந்ததில் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. கார்களை வடிவமைத்த பாப் கர் அவற்றைப் பழுதுபார்ப்பதே வேலையாக இருக்க நேர்ந்தது. குழந்தைகள் எப்படி ஓட்டுவார்கள் என்பதைக் குழந்தைகள் ஓட்டும்வரை தெரிந்துகொள்ள முடியவில்லை. அந்த நாளை நிறுவனத்துக்குள் நெடுங்காலம் கருப்பு ஞாயிறு என்றே குறிப்பிட்டார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அதே நிறுவனம் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. டிஸ்னிலேண்டின் பேய் மாளிகை 1963இலேயே வெளிப்பக்கம் கட்டி முடிந்து, உள்ளே எதுவும் இல்லாமல் நின்றது. வடிவமைப்பாளர்கள் 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கான வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்தார். இவை வெளியே தெரிந்த காரணங்கள். உள்ளே இருந்த சிக்கல், கூட்டத்தைக் கையாள்வது. பார்வையாளர்கள் நடந்தே சுற்றிப் பார்க்கும் மாளிகையாகத்தான் அதைத் திட்டமிட்டிருந்தார்கள். ஒரு குழு ஓர் அறையைப் பார்த்து முடிக்கும்வரை அடுத்த குழு வெளியே நிற்க வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு வரும் கூட்டத்தில் சிறு பகுதியைத்தான் உள்ளே அனுப்ப முடியும். நிற்காமல் சங்கிலித் தொடராக நகரும் இருக்கை வண்டிகளை அந்நிறுவனம் 1967இல் வேறொரு சவாரியில் பயன்படுத்திப் பார்த்தது. அதே வண்டிகள் பேய் மாளிகைக்குள் வந்தபோது முடிச்சு அவிழ்ந்தது. 1969 ஆகஸ்ட் 9இல் திறந்த மாளிகை அந்த மாதமே பூங்காவின் ஒரு நாள் வருகையில் புதிய உச்சத்தைக் கொண்டுவந்தது. ஆறு ஆண்டு பூட்டிக் கிடந்தது அதற்கு விளம்பரமாகவே அமைந்துவிட்டது என்று சொல்லலாம். எல்லாத் தாமதத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

டிஸ்னியின் ஸ்பேஸ் மௌண்டன் காத்திருந்தது கணினிக்காக. இருட்டுக்குள் பாயும் ரோலர் கோஸ்டர் என்ற எண்ணம் 1960களின் நடுவிலேயே பிறந்துவிட்டது. இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வண்டிகள் ஓடும்போது அவை மோதாமல் பார்த்துக்கொள்வதே தடையாக இருந்தது. இதற்கான வழி ரயில்வேயிலிருந்து வந்தது. தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டி அதற்குள் நுழையாதபடி முந்தைய பகுதியின் முடிவில் பிரேக் போட்டு நிறுத்துவது. 1959இல் திறந்த மேட்டர்ஹார்ன் சவாரியிலேயே இந்த முறை இருந்தது. குழாய் வடிவ எஃகுத் தடத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டரும் அதுவே. ஆனால் பெரிய, இருண்ட, வேகமான அமைப்பில் இதை நம்பிக்கையுடன் செய்ய, வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கணத்துக்குக் கணம் கணக்கிடும் கணினி வேண்டியிருந்தது. 1975 ஜனவரி 15இல் புளோரிடாவில் ஆர்சிஏ நிறுவனத்தின் பண உதவியோடு ஸ்பேஸ் மௌண்டன் திறந்தது. கலிபோர்னியாவில் 1977 மே மாதம்.

இன்று புதிய சவாரிகள் திடீரென நிற்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பகுதிக் கட்டுப்பாட்டு முறையே காரணம். தடத்தில் நூற்றுக்கணக்கான சென்சார்கள் இருக்கும். அவற்றில் ஒன்று தர வேண்டிய தகவலைத் தராவிட்டாலும், வண்டி தொலைந்துவிட்டதாகவே கணினி எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சவாரி உடைந்துவிட்டது என்று வரிசையில் நிற்பவர் முணுமுணுக்கும் நேரத்தில், உண்மையில் அது தன் பாதுகாப்புக் கடமையைச் சரியாகச் செய்திருக்கும். புதிய சவாரியில் எந்தச் சென்சார் சற்று விலகி இருக்கிறது, எந்த வண்டி வெயிலில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் ஓடுகிறது என்பதெல்லாம் ஆயிரக்கணக்கான ஓட்டங்களுக்குப் பிறகே பிடிபடும். திறப்பு நாளை முன்னுக்கு இழுத்தால் முதலில் வெட்டுப்படுவது இந்த ஓட்டங்கள்தான்.

அப்படி வெட்டியதன் விலையை 1990இல் புளோரிடாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கொடுத்தது. ஓர்லாண்டோவில் திரைப்படப் பூங்கா அமைக்கும் திட்டம் யுனிவர்சலின் தாய் நிறுவனமான எம்சிஏவிடம் 1980களின் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதற்குள் டிஸ்னி முந்திக்கொண்டு 1989 மே 1இல் தன் எம்ஜிஎம் ஸ்டுடியோஸ் பூங்காவைத் திறந்துவிட்டது. பின்தங்கிய நிறுவனம் இன்னும் பெரிதாக, இன்னும் துணிச்சலாகக் காட்ட வேண்டிய நெருக்கடி. கிங் காங், நிலநடுக்கம், ஜாஸ் சுறா ஆகிய மூன்றும் அதன் முதன்மைச் சவாரிகள். 1990 ஜூன் 7இல் வாசல் திறந்தது. மூன்றும் அன்று மாறிமாறி நின்றன. மணிக்கணக்கில் நின்று ஏமாந்தவர்கள் விருந்தினர் சேவை அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். மறுபடி வருவதற்கு இலவசச் சீட்டு கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

மூன்றில் மீள முடியாமல் போனது ஜாஸ். பயணிகள் படகில் ஒரு கடற்குளத்தைச் சுற்றி வருவார்கள். நீருக்குள்ளிருந்து டன் கணக்கில் எடையுள்ள சுறா பொம்மை எழுந்து பாயும். முதல் வடிவமைப்பில் சுறா படகைக் கவ்விப் பிடித்துத் திருப்ப வேண்டும். இந்த ஒரே காட்சிக்குள் எத்தனை பொறியியல் சிக்கல்கள் அடங்கியிருந்தன என்பது கட்டிய பிறகுதான் தெரிந்தது. நீருக்கடியில் ஹைட்ராலிக் குழாய்கள், மின்கம்பிகள், அசையும் எஃகு. எல்லாமே அரிப்புக்கு ஆளாகக்கூடியவை. சுறாவின் வாயும் படகின் பக்கவாட்டும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். நீரில் நகரும் சுறாவை நீர் எதிர்த்துத் தள்ளும். ஒரு பாய்ச்சல் எழுப்பிய அலை அடுத்த பாய்ச்சலின் கணக்கைக் கெடுக்கும். பழுதானதைப் பார்க்க முக்குளிப்பவர் இறங்க வேண்டும், அல்லது குளத்தை வற்றவைக்க வேண்டும். சவாரி அந்த ஆண்டே மூடப்பட்டது. வடிவமைத்த நிறுவனத்தின் மீது எம்சிஏ வழக்குப் போட்டது.

பிறகு நடந்த மறுகட்டுமானத்தில் கடலடி வேலைகளில் அனுபவம் கொண்ட ஓஷனியரிங் நிறுவனமும் கைகோத்தது. கடலுக்கடியில் எண்ணெய்க் கிணறுகளுக்கான இயந்திரங்களை இயக்கிப் பழகியவர்கள் அவர்கள். முதல் தடவையிலேயே கேட்டிருக்க வேண்டிய ஆட்கள். படகைக் கவ்வும் காட்சி கைவிடப்பட்டது. சுறா பாயும், ஆனால் படகைத் தொடாது. கடைசிக் காட்சியில் அது வெடித்துச் சிதறுவதற்குப் பதிலாக உயர் அழுத்த மின்கம்பியைக் கடித்து மாளும். 1993இல் மீண்டும் திறந்த ஜாஸ் 2012 ஜனவரி 2 வரை ஓடியது. அந்த இடத்தில் பிறகு ஹாரி பாட்டர் கதையின் டயகன் சந்து வந்தது. திருத்திய வடிவத்தை ஒட்டி ஜப்பானின் ஒசாகாவிலும் 2001இல் ஒரு ஜாஸ் சவாரி திறந்தது. இதில் ஒரு விசித்திரம்: 1974இல் சவாரிக்கு மூலமான ஜாஸ் திரைப்படத்தை எடுத்தபோதும் இயந்திரச் சுறா உப்பு நீரில் திரும்பத் திரும்பப் பழுதாகி, 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பை 159 நாளுக்கு இழுத்துவிட்டது. அந்த அனுபவம் யுனிவர்சலின் சொந்த வீட்டிலேயே இருந்தது.

தாமதத்தின் வரலாற்றில் இதற்கு நேர் எதிராக வைக்கத்தக்கது டெஸ்ட் டிராக். புளோரிடாவின் எப்காட் பூங்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பண உதவியுடன் 1982 முதல் வேர்ல்ட் ஆஃப் மோஷன் என்ற நிதானமான காட்சிச் சவாரி இருந்தது. 1996 ஜனவரி 2இல் அதை மூடினார்கள். கார் நிறுவனங்கள் தம் வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்தைப் போன்ற ஒன்றை அங்கே அமைத்து, 1997 மே மாதம் திறப்பதாக அறிவித்தார்கள். கரடுமுரடான சாலையில் குலுங்கல், திடீர் பிரேக், கடும் வெப்ப அறை, கடுங்குளிர் அறை, கடைசியில் கட்டடத்துக்கு வெளியே வந்து சாய்வு வளைவுகளில் மணிக்கு ஏறக்குறைய 104 கிலோமீட்டர் வேகம். ரோலர் கோஸ்டரைப் போல உயரத்திலிருந்து விழுந்து வேகம் எடுக்கும் வண்டி அல்ல இது. தடத்தின் நடுவே உள்ள பிளவின் வழியாக மின்சாரம் பெற்று, ஒவ்வொரு காரும் தன் சொந்த மோட்டாரால் ஓடி, தானே பிரேக் போட்டு, தன் கணினியின் சொல்கேட்டு நடக்கும்.

முதலில் தோற்றவை சக்கரங்கள். சாலையில் ஓடும் காரின் சக்கரம் தேய ஆண்டுக் கணக்காகும். இங்கே ஒரே கார் நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, சில நிமிடத்துக்கு ஒருமுறை முடுக்கமும் பிரேக்கும் வளைவும் தாங்க வேண்டும். முதலில் பொருத்திய சக்கரங்களால் அந்த வேகத்தையும் உழைப்பையும் தாங்க முடியவில்லை. அதைத் தீர்த்தாலும் மென்பொருள் இடித்தது. எதிர்பார்த்த கூட்டத்தைச் சமாளிக்க 29 கார்கள் ஒரே நேரத்தில் தடத்தில் ஓட வேண்டும். எழுதி வைத்த கட்டுப்பாட்டு மென்பொருளால் அதைவிடக் குறைந்த கார்களையே கையாள முடிந்தது. ஒரு காருக்கு ஆறு பேர். எண்ணிக்கை குறையும் ஒவ்வொரு காரும் வரிசையை நீளமாக்கும். குறைந்த கார்களோடு திறந்துவிடும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. அதைச் செய்யாமல் மென்பொருளைத் திருத்தி எழுத வைத்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான முடிவு.

கார் நிறுவனத்தின் பெயர் தாங்கிய சவாரி, சக்கரக் கோளாறால் நின்றது ஜெனரல் மோட்டார்ஸுக்கு இனித்திருக்காது. 1997 கோடை போனது. 1998 கோடையும் போனது. 1998 டிசம்பரில்தான் பார்வையாளர்களை ஏற்றிச் சோதனை ஓட்டங்கள் தொடங்கின; அதிகாரப்பூர்வத் திறப்பு 1999 மார்ச் 17. ஏறக்குறைய இரண்டாண்டுத் தாமதம். ஆனால் அந்த இரண்டாண்டில் செம்மையான இயந்திர அமைப்பு அதோடு நின்றுவிடவில்லை. டோக்கியோ டிஸ்னிசீயில் 2001இல் திறந்த பூமியின் மையத்துக்கான பயணமும், கலிபோர்னியாவில் 2012இல் திறந்த ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் ரேசர்ஸும் அதே அமைப்பின் வழிவந்தவை. டெஸ்ட் டிராக்கின் காட்சிகள் 2012இலும் 2025இலும் முழுக்க மாற்றப்பட்டன. கீழே ஓடும் முறை மாறவில்லை.

அதே நிறுவனம், அதே காலத்தில், நாட்டின் மறுகரையில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. டிஸ்னிலேண்டில் 1967 முதல் 1995 வரை பீப்பிள்மூவர் என்ற சாவகாசமான வண்டி ஓடிய உயர்தடம் காலியாக இருந்தது. அதன்மேல் ராக்கெட் ராட்ஸ் என்ற வேகக் கார்களை ஓட்டத் திட்டம். பீப்பிள்மூவர் பதினாறு நிமிடத்தில் கடந்த பாதையை ராக்கெட் ராட்ஸ் மூன்று நிமிடத்தில் கடக்கும். பழைய தடத்தின் வளைவுகள் தட்டையானவை. வேகத்துக்கேற்பச் சாய்த்துக் கட்டப் பணம் ஒதுக்கப்படவில்லை. எனவே ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் கார் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் மீண்டும் எடுக்க வேண்டும். டயர்கள் தேய்ந்தன, தடத்தின் தாங்குதூண்களுக்கு அழுத்தம் ஏறியது, மென்பொருள் அடிக்கடி எல்லாவற்றையும் நிறுத்தியது. 1998 மே 22இல் திறந்த சவாரி 2000 செப்டம்பரில் பழுதுபார்க்க என்று மூடப்பட்டது. மறு ஆண்டு, இனி திறக்காது என்ற அறிவிப்பு வந்தது. தடம் இன்றும் பூங்காவின் டுமாரோலேண்ட் பகுதியின் தலைக்குமேல் வெறுமனே நிற்கிறது.

1990களின் நடுவில் சிக்கல் மின்சாரத்துக்கு இடம் மாறியது. சங்கிலியால் மலையேற்றி விழவைக்கும் பழைய முறைக்குப் பதிலாக, தடத்தில் பொருத்திய நேர்கோட்டு மின்மோட்டார்களின் காந்த விசையால் வண்டியைத் தள்ளிவிடும் முறை 1996இல் ஓஹையோவின் கிங்ஸ் ஐலண்டிலும் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனிலும் வந்தது. சில நொடிக்குள் பல டன் எடையை எறிய அந்த நொடிகளில் பெரும் மின்சாரம் வேண்டும். அடுத்த வண்டிக்குள் அது மீண்டும் தயாராக வேண்டும். மோட்டார்கள் சூடாகாமலும் இருக்க வேண்டும். மேஜிக் மௌண்டனில் 415 அடி கோபுரத்துடன் எழுந்த சூப்பர்மேன் சவாரி 1996இல் திறக்க இருந்தது. திறந்தது 1997 மார்ச்சில். மணிக்கு நூறு மைல் வேகம் தொட்ட முதல் ரோலர் கோஸ்டர் என்ற பெருமை அதற்குள், அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்டில் திறந்த டவர் ஆஃப் டெரருக்குப் போய்விட்டது. 1997 கோடையில் வந்த பேட்மேன் படத்தை ஒட்டித் திட்டமிட்ட மிஸ்டர் ஃப்ரீஸ் சவாரிகள் டெக்ஸஸிலும் மிசௌரியிலும் படம் திரையை விட்டுப் போன பிறகு, 1998இல் திறந்தன.

ஹைட்ராலிக் விசையால் வண்டியை இழுத்து எறியும் முறை அடுத்து வந்தது. 2003 மே 4இல் ஓஹையோவின் சீடர் பாயிண்டில் திறந்த டாப் த்ரில் டிராக்ஸ்டர் வண்டியை நான்கு நொடியில் மணிக்கு 193 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய் 420 அடி உச்சியைத் தாண்டவைத்தது. எதிர்க்காற்று பலமாக இருந்தபோது வண்டி உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி வந்தது; அதற்கென்றே ஏவுதடத்தில் காந்த பிரேக்குகள் இருந்தன. இது பழுது அல்ல, வடிவமைப்பில் எதிர்பார்த்தது. ஆனால் முதல் கோடையில் அது அடிக்கடி பழுதாகியும் நின்றது. இதைவிட உயரமான கிங்டா கா 2005 மே மாதம் நியூஜெர்சியில் திறந்து மூன்று வாரத்தில், ஏவும் பகுதியில் ஒரு போல்ட் தோற்றதால் இழுகயிறு சேதமாகி, ஆகஸ்ட் வரை மூடிக்கிடந்தது.

இத்தொழிலின் மிகச் சோகமான திறப்பு ஜெர்மனியின் நூர்பூர்க்ரிங் கார் பந்தயத் தளத்தில் நடந்தது. மணிக்கு 217 கிலோமீட்டர் வேகம் என்று அறிவித்த ரிங்ரேசர், அழுத்தக் காற்றால் ஏவப்படுவது. 2009 செப்டம்பரில் சோதனையின்போது காற்றழுத்த அமைப்பில் வெடிப்பு ஏற்பட்டு அக்கம்பக்கக் கண்ணாடிகள் நொறுங்கின. திருத்தங்கள் நீண்டன; இடையில் 2012இல் பந்தயத் தளத்தை நடத்திய நிறுவனமே திவாலானது. வேகத்தை மணிக்கு 160 கிலோமீட்டராகக் குறைத்து, நான்காண்டு தாமதத்துக்குப் பிறகு, 2013 அக்டோபர் 31இல் திறந்தார்கள். நான்கே நாளில் மூடினார்கள். மறுபடி அது பயணிகளை ஏற்றவில்லை.

சோதனை நடைமுறைகள் சட்டமாகவும் தரநிலையாகவும் உருப்பெற்றது மெதுவாகத்தான். அமெரிக்காவில் கேளிக்கைச் சவாரிகளுக்கான தரநிலைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்24 குழு 1978இல் அமைந்தது. 1981இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிலையான பூங்காக்களின் சவாரிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கியது; அதன் பிறகு ஆய்வு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. புளோரிடாவில் ஆயிரத்துக்கு மேல் ஊழியர் கொண்ட பெரிய பூங்காக்கள் தம் சவாரிகளைத் தாமே ஆய்வு செய்துகொள்ளலாம். அப்படியிருந்தும் பெரிய பூங்காக்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் வெற்று வண்டி ஓடும். பிறகு மனித எடைக்கு நீர் நிரப்பிய பொம்மைகள் உட்காரும். அடுத்து முடுக்கமானிகளை வைத்து உடலில் இறங்கும் விசையை அளப்பார்கள். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, சென்சார்களைக் கழற்றி, பாதியில் நின்ற வண்டியிலிருந்து ஆட்களை இறக்கிப் பழகுவார்கள். கடைசியில்தான் ஊழியர்கள் ஏறுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தப்புவது உண்டு. டாப் த்ரில் டிராக்ஸ்டரிலிருந்து 2021 ஆகஸ்டில் உதிர்ந்த உலோகத் துண்டு வரிசையில் நின்ற ஒருவரைக் கடுமையாகக் காயப்படுத்தியது; சவாரி மூடப்பட்டது. ஹைட்ராலிக் ஏவலை நீக்கி, காந்த மோட்டார்களும் இரண்டாவது கோபுரமும் புதிய வண்டிகளும் சேர்த்து, டாப் த்ரில் 2 என்ற பெயரில் 2024 மே 4இல் திறந்தார்கள். சுமார் ஒரு வாரமே ஓடியது. புதிய வண்டிகளில் இயந்திரத் திருத்தம் தேவை என்று அறிவித்து மூடினார்கள்; அந்தப் பருவம் முழுவதும் திறக்கவில்லை. 2025 மே மாதம்தான் மறுபடி ஓடியது. இருபது ஆண்டுக்கும் மேலாக நின்ற கோபுரமும் தடமும் நிலைத்திருக்க, இலகுவாகச் செய்த புதிய வண்டிகளே சிக்கலின் மையமாயின.

இப்படிப்பட்ட அனுபவங்களின் விளைவாக, அறிவிக்காமல் திறந்து பார்க்கும் வழக்கம் வேர்விட்டது. அதிகாரப்பூர்வ நாளுக்கு முன்பே, முன்னறிவிப்பில்லாமல், வந்திருக்கும் பார்வையாளர்களைச் சவாரியில் ஏற்றுவார்கள். எந்த நேரமும் மூடலாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். வாக்குறுதி இல்லாத இடத்தில் புகாருக்கும் இடமில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் பட்டார்கள். 2019 ஜூன் 13இல் ஓர்லாண்டோவில் யுனிவர்சல் திறந்த ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் சவாரிக்குப் பொதுமக்களை ஏற்றும் முன்னோட்டம் நடத்தப்படவில்லை. முதல் நாள் காத்திருப்பு பத்து மணிநேரம் வரை போனது, அடுத்த சில நாளிலேயே இயங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிஸ்னி வேறு வழி பிடித்தது. ஸ்டார் வார்ஸ் வளாகத்தைக் கலிபோர்னியாவில் மே மாதமும் புளோரிடாவில் ஆகஸ்டிலும் திறந்துவிட்டு, தயாராகாத பெரிய சவாரியான ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸைப் பிரித்துப் பின்தள்ளியது. புளோரிடாவில் அது டிசம்பர் 5இலும் கலிபோர்னியாவில் 2020 ஜனவரியிலும் திறந்தது. திறந்த பிறகும் அது அடிக்கடி நின்றது; பார்வையாளர்களை வரிசையில் நிற்கவைக்காமல் கைபேசியில் முறை ஒதுக்கி அழைத்தார்கள்.

1990 ஜூன் 7இன் அனுபவம் யுனிவர்சலுக்கு மறக்கவில்லை. 2025 மே 22இல் ஓர்லாண்டோவில் அந்நிறுவனம் எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பூங்காவை முழுமையாகத் திறந்தபோது, அதற்கு முந்தைய பல வாரங்களாக ஊழியர்களும் ஆண்டுச் சந்தா வைத்திருந்தவர்களும் முன்னோட்டச் சீட்டு வாங்கியவர்களும் அதன் சவாரிகளில் ஏறி, அவை நிற்பதையும் ஓடுவதையும் பார்த்திருந்தார்கள்.